கணையப் புற்றுக்கட்டியைச் சூழ்ந்த துணைச் செல்கள்: நானோ மருந்தால் அழிப்பதா, அமைதிப்படுத்துவதா?

மருந்தியல் மாணவி (கேள்வி)

வணக்கம். நான் மருந்தாக்கவியலில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் துறைக் கருத்தரங்கில், புற்றுக்கட்டியைச் சூழ்ந்திருந்து அதற்குத் துணைபோகும் செல்களுக்கு நானோ துகள்கள் வழியாக மருந்தைக் கொண்டு சேர்ப்பது பற்றிப் பேச இருக்கிறேன். கணையப் புற்றுநோயை எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுத்துள்ளேன். அந்நோயில் கட்டியின் பெரும்பகுதி புற்றுச் செல்களே அல்ல என்பதும், ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார்ச்செல்களும் அவை சுரக்கும் கொலாஜனும் ஹையலுரோனிக் அமிலமும் சேர்ந்த ஸ்ட்ரோமாவே கட்டியின் 80 விழுக்காட்டுக்கு மேல்கூட இருக்கலாம் என்பதும் இத்தேர்வுக்குக் காரணம்.

படிக்கப் படிக்க எனக்குக் குழப்பமே மிஞ்சுகிறது. 2009-இல் வெளியான எலி ஆய்வு ஒன்றில், நார்ச்செல்களை வளரத் தூண்டும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைத் தடுத்தபோது ஸ்ட்ரோமா குறைந்து, இரத்த நாளங்கள் பெருகி, ஜெம்சிடபைன் என்ற வேதிச்சிகிச்சை மருந்து கட்டிக்குள் கூடுதலாகச் சென்றது என்று காட்டியிருக்கிறார்கள். அதையே நோயாளிகளிடம் சோதித்தபோது, மருந்து சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்கள் குறைவான காலமே உயிர் வாழ்ந்ததால் 2012-இல் சோதனை நிறுத்தப்பட்டதாகவும் படித்தேன். 2014-இல் வெளியான இரண்டு எலி ஆய்வுகளோ நார்ச்செல்களை நீக்கினால் கட்டி இன்னும் கொடியதாகிறது என்கின்றன. அப்படியானால் இந்தச் செல்களைக் குறிவைத்து நானோ துகள் வடிவமைப்பதில் பொருள் இருக்கிறதா?

மற்றொரு ஐயமும் உண்டு. புற்றுச் செல்லைத் தேடிச் செல்லும்படி ஒரு துகளை நாம் வடிவமைத்தாலும், நாளத்தைவிட்டு வெளியேறியதும் அது முதலில் சந்திப்பது நார்ச்செல்லைத்தானே? அங்கேயே அது சிக்கிக்கொள்ளாதா? இவற்றைப் பற்றி அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நானோ ஆய்வாளர்

உங்கள் குழப்பம் இந்தத் துறை முழுவதும் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சுமந்துவரும் குழப்பம். அதனால் அதை மறைக்காமல், கருத்தரங்கில் அதையே மையமாக வைத்துப் பேசுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கு நேரடியான விடை இருக்கிறது. நீங்கள் ஊகித்தது சரி. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் லீஃப் ஹுவாங் குழுவினர் இதை 2016-இல் தெளிவாகக் காட்டினார்கள். புற்றுச் செல்லின் மேலுள்ள ஏற்பி ஒன்றை நோக்கி வடிவமைக்கப்பட்ட துகள்களை ஸ்ட்ரோமா மிகுந்த கட்டியுள்ள எலிகளுக்குச் செலுத்தியபோது, நாளத்தை ஒட்டியிருந்த நார்ச்செல்களே அவற்றைப் பெருமளவில் விழுங்கிவிட்டன. உள்ளே இருந்த புற்றுச் செல்களுக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம். அதே ஏற்பி நார்ச்செல்களின் மேலும் இருந்ததுதான் காரணம். இன்னும் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு. அப்படிச் சிக்கிய துகளில் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து இருந்து, அது நார்ச்செல்லைக் கொல்லாமல் காயப்படுத்த மட்டும் செய்தால், அந்தச் செல் டபிள்யூ.என்.டி.16 என்ற புரதத்தைச் சுரக்கிறது. அப்புரதம் பக்கத்திலுள்ள புற்றுச் செல்களுக்கு மருந்தைத் தாங்கும் வலிமையைக் கொடுக்கிறது. ஆக, குறி தவறிய மருந்து வீணாவதோடு நின்றுவிடாமல், சில வேளைகளில் எதிரிக்கே உதவியாகவும் முடிகிறது.

இதே குழு அடுத்து எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தமானது. துகள்கள் எப்படியும் நார்ச்செல்லுக்குத்தான் போகின்றன என்றால், அந்தச் செல்லையே மருந்து செய்யும் பட்டறையாக மாற்றினால் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். டிரெயில் என்ற புரதத்தின் கரையும் வடிவத்துக்கான மரபணுவைக் கொழுப்புத் துகளில் பொதித்து அனுப்பினார்கள். நார்ச்செல்கள் அதைப் பெற்று அப்புரதத்தைச் சுரந்தன. அதனால் சுற்றியிருந்த புற்றுச் செல்கள் மடிந்தன. எஞ்சிய நார்ச்செல்களும் கிளர்ந்த நிலையிலிருந்து தணிந்தன. 2017-இல் வெளியான இந்த ஆய்வு எலிகளோடு நிற்கிறது என்றாலும், தடையாக இருக்கும் செல்லையே வாயிலாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை விதைத்தது.

இனி உங்கள் முதல் கேள்வி. ஸ்ட்ரோமாவை வெறும் சுவர் என்று கருதி, இடித்தால் மருந்து உள்ளே போகும் என்று நம்பியதுதான் பிழை. நீங்கள் குறிப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வுகள் இரண்டும் ஒரே இதழில் ஒன்றாக வெளிவந்தவை. ரகு கல்லூரி என்ற ஆய்வாளரின் குழு, கிளர்ந்த நார்ச்செல்லின் அடையாளமான ஆல்ஃபா தசை ஆக்டின் புரதம் கொண்ட நார்ச்செல்களை எலிகளில் நீக்கியது; ஸ்டேங்கர் என்ற ஆய்வாளரின் குழு ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைப் புற்றுச் செல்லிலேயே மரபணு வழியாக நிறுத்தியது. வழிகள் வேறாயினும் முடிவு ஒத்திருந்தது: நார்ச்செல்கள் குறைந்தபோது கட்டி கட்டுப்பாடற்ற உருவம் பெற்றது, எலிகள் விரைவில் இறந்தன. அதாவது நார்ச்செல்கள் கட்டிக்கு உணவூட்டும் அதே வேளையில் அதற்கு வேலியாகவும் இருக்கின்றன. 2021-இல் ரகு கல்லூரியின் குழுவே, அச்செல்களில் முதல் வகைக் கொலாஜன் உற்பத்தியை மட்டும் நிறுத்தியபோதும் நோய் வேகமெடுத்ததைக் காட்டியது. நாம் எதிரியின் கோட்டைச் சுவர் என்று நினைத்த கொலாஜன்கூட ஓரளவு நம் பக்கம் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

ஹையலுரோனிக் அமிலத்தின் கதையும் இப்படியே முடிந்தது. அது நீரை உறிஞ்சி வீங்கி, கட்டிக்குள் அழுத்தத்தை ஏற்றி, நாளங்களை நசுக்குகிறது. அதைச் சிதைக்கும் நொதியை எலிகளுக்குக் கொடுத்தால் நசுங்கிய நாளங்கள் திறந்துகொள்கின்றன. பெக்பிஎச்20 என்ற பெயரில் அந்த நொதி மூன்றாம் கட்டச் சோதனை வரை சென்றது. 2019-இல் வெளியான முடிவில், நொதி பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.2 மாதம், பெறாதவர்களுக்கு 11.5 மாதம். அத்துடன் அந்த மருந்தின் பாதை முடிந்தது.

எனவே என் கருத்து இது: நார்ச்செல்லைக் கொல்லும் நானோ மருந்துக்கு எதிர்காலம் குறைவு, நார்ச்செல்லைப் பழைய அமைதிக்குத் திருப்பும் நானோ மருந்துக்கே நாம் உழைக்க வேண்டும். இதற்கு அடிப்படை கணையத்திலேயே இருக்கிறது. நலமான கணையத்தில் நட்சத்திரச் செல்கள் என்ற நார்ச்செல்கள் வைட்டமின் ஏ-யைக் கொழுப்புத் துளிகளாகச் சேமித்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. 1998-இல் சிட்னியில் மினோதி ஆப்தே குழுவும் ஜெர்மனியில் பாகெம் குழுவும் இவற்றைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டிய பிறகே இவற்றைப் பற்றிய ஆய்வு வேகம் பெற்றது. புற்றோ அழற்சியோ தூண்டும்போது இச்செல்கள் துளிகளை இழந்து, இழைகளைப் பெருமளவில் நெய்யத் தொடங்குகின்றன. இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் அமைதியடையுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. 2014-இல் சால்க் நிறுவனத்தில் ரான் எவன்ஸ் குழு, சொரியாசிஸ் தோல் நோய்க்குக் களிம்பாகத் தரப்படும் கால்சிபோட்ரியால் என்ற வைட்டமின் டி வகை மருந்தை ஜெம்சிடபைனோடு எலிகளுக்குக் கொடுத்தபோது, ஜெம்சிடபைன் மட்டும் பெற்ற எலிகளைவிட வாழ்நாள் 57 விழுக்காடு கூடியது. செல்கள் சாகவில்லை, அடங்கின. அந்த வேறுபாடுதான் முக்கியம்.

நானோ துகள் இங்கேதான் தேவைப்படுகிறது. வைட்டமின் ஏ-யின் அமில வடிவமான ரெட்டினாயிக் அமிலம் நீரில் கரையாது, இரத்தத்தில் வெகுநேரம் நிற்காது. குறிப்பிட்ட ஒரு புரதம் உருவாவதைத் தடுக்கும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ.-யைத் துணையின்றிச் செலுத்தினால் அது நிமிடங்களில் சிதைந்துபோகும். 2018-இல் சீன ஆய்வாளர்கள் தங்க நானோ துகள் ஒன்றின் மேல் இவ்விரண்டையும் ஏற்றினார்கள், ஆர்.என்.ஏ. தடுத்தது கொலாஜனைச் சரியாக மடித்து வெளியேற்ற உதவும் எச்.எஸ்.பி.47 புரதத்தை. இரத்தத்தில் துகள் ஒரு போர்வைக்குள் இருக்கும். கட்டியின் சற்று அமிலத்தன்மையுள்ள சூழலில் போர்வை விலகி, நேர்மின்னூட்டம் வெளிப்பட்டு, செல்லுக்குள் நுழையும். இதற்கு முன்னோடியாக 2008-இல் சப்போரோவில் நிட்சு குழு, வைட்டமின் ஏ ஒட்டிய லிப்போசோம்களை, அதாவது கொழுப்புப் படலத்தாலான நுண்குமிழ்களை, கல்லீரலின் நட்சத்திரச் செல்களுக்கு அனுப்பி, எலிகளில் கல்லீரல் இறுக்க நோயைத் தணித்துக் காட்டியது. வைட்டமின் ஏ-யைத் தேடி எடுத்துக்கொள்ளும் அந்தச் செல்லின் இயல்பையே முகவரியாகப் பயன்படுத்திய அழகான வேலை அது.

துகளின் அளவைப் பற்றி ஒரு சொல். தோக்கியோவில் கதவோக்கா குழு 2011-இல் 30, 50, 70, 100 நானோமீட்டர் அளவுகளில் மைசெல் எனப்படும் பாலிமர் நுண்ணுருண்டைகளைச் செய்து ஒப்பிட்டது. நாளங்கள் கசியும் கட்டியில் எல்லா அளவும் புகுந்தன. நார்மிகுந்த கணையக் கட்டியில் 30 நானோமீட்டர் துகள் மட்டுமே ஆழமாகச் சென்றது. நார்ச்செல்களைத் தூண்டும் டி.ஜி.எஃப். பீட்டா சமிக்ஞையை முன்கூட்டியே தடுத்தபோது பெரிய துகள்களுக்கும் வழி கிடைத்தது. உங்கள் துகளின் அளவை முடிவு செய்யும் முன் இந்தக் கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள்.

நோய்க்கூறியல் மருத்துவர்

மேலே எழுதியவரின் விளக்கம் நன்று. நாள்தோறும் நுண்ணோக்கியில் இந்தக் கட்டிகளைப் பார்ப்பவள் என்ற முறையில், நார்ச்செல் என்று ஒருமையில் பேசுவதன் அபாயத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

கணையப் புற்றின் ஸ்லைடை ஹெமடாக்சிலின், இயோசின் சாயமிட்டுப் பார்த்தால் கண்ணில் படுவது பரந்த இளஞ்சிவப்பு வெளி. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோணலான சுரப்பிகள் சில கிடக்கும்; அவைதாம் புற்று. ஊசி வழியாக எடுத்த திசுத் துணுக்கில் சில நேரம் நார் மட்டுமே வந்து, புற்றுச் செல் போதாமல் மீண்டும் எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோயாளியிடம் மறுபடியும் ஊசி போட வேண்டும் என்று சொல்வது எங்களுக்கும் வருத்தமான செயல். மருந்துத் துகளும் அந்த ஊசி எதிர்கொள்ளும் அதே நார்க்காட்டைத்தான் எதிர்கொள்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அந்த இளஞ்சிவப்பு வெளியில் உள்ள செல்கள் எல்லாம் ஒன்றல்ல. 2017-இல் டுவேசன் ஆய்வகம் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டியது. புற்றுச் செல்லை ஒட்டி நின்று ஆல்ஃபா தசை ஆக்டினை மிகுதியாகக் கொண்டிருப்பவை ஒரு வகை. சற்றுத் தள்ளி நின்று இன்டர்லூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரப்பவை மற்றொரு வகை. எதிர்ப்பொருளை நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டக்கூடிய மூன்றாவது வகை 2019-இல் சேர்ந்தது. முதல் வகை டி.ஜி.எஃப். பீட்டாவாலும் இரண்டாம் வகை இன்டர்லூக்கின் 1-ஆலும் உருவாகின்றன. ஒரு வகை மற்றதாக மாறவும் கூடும். ஆகவே டி.ஜி.எஃப். பீட்டாவைத் தடுக்கும் துகளைக் கட்டிக்குள் அனுப்பினால் இழை நெய்யும் வகை குறைந்து, அழற்சி வகை கூடிவிடலாம். துகள் பெரியதா சிறியதா என்பதைவிட, எந்த வகைச் செல்லில் எந்தச் சமிக்ஞையைத் தொடுகிறோம் என்பதே பெரிய கேள்வி என்று நான் கருதுகிறேன்.

நட்சத்திரச் செல் பற்றியும் ஒரு திருத்தம் வேண்டும். கட்டியிலுள்ள நார்ச்செல்கள் பெரும்பாலும் நட்சத்திரச் செல்களிலிருந்தே வந்தவை என்று நெடுங்காலம் எழுதிவந்தோம். 2022-இல் வெளியான எலி ஆய்வில், அவற்றின் வழிவந்தவை கட்டியின் நார்ச்செல்களில் சிறு பங்கே என்று தெரியவந்தது. ஆனால் அந்தச் சிறு பங்கு கட்டியின் சூழலை உருவாக்குவதில் தனக்கே உரிய பணிகளைச் செய்கிறது. வைட்டமின் ஏ-யை முகவரியாக்கும் துகள் எந்தப் பங்கைச் சென்றடையும் என்று நடுவர்கள் கேட்டால் இதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

முகவரி என்றதும் பலரும் எஃப்.ஏ.பி. புரதத்தைச் சொல்வார்கள். கிளர்ந்த நார்ச்செல்லின் மேற்பரப்பிலுள்ள இந்த நொதி, புரோலினை அடுத்துப் பெப்டைடுகளை வெட்டக்கூடியது. அது வெட்டினால் மட்டுமே மருந்தை விடுவிக்கும் துகள்களும் செய்யப்பட்டுள்ளன. ஹைடல்பெர்கில் உருவான எஃப்.ஏ.பி. ஸ்கேன் படங்களில் கணையக் கட்டிகள் விளக்கேற்றியதுபோல் ஒளிர்கின்றன. ஆனால் ஆறிக்கொண்டிருக்கும் காயங்களும் அழற்சி கொண்ட மூட்டுகளும் அதே படங்களில் ஒளிர்கின்றன. 2013-இல், எஃப்.ஏ.பி.-யைத் தாக்குமாறு மாற்றியமைக்கப்பட்ட டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களை எலிகளுக்குக் கொடுத்தபோது, எலும்பு மஜ்ஜையிலுள்ள துணைச் செல்களும் தாக்கப்பட்டு, எலிகள் உடல் மெலிந்து போயின. நார்ச்செல் கட்டிக்கு மட்டும் சொந்தமானதல்ல. உடல் முழுவதையும் தாங்கி நிற்பது. கொல்லும் மருந்தை அந்த முகவரிக்கு அனுப்புவதில் எனக்கு ஆழ்ந்த தயக்கம் உண்டு.

நோயாளியின் மகன்

நான் அறிவியல் படித்தவனல்ல, கணக்காளர். என் தந்தைக்குக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன. கட்டி பெரிய நாளத்தைச் சுற்றியிருப்பதால் இப்போதைக்கு அறுவை செய்ய முடியாது என்று கூறி, ஜெம்சிடபைனும் ஆல்புமின் ஒட்டிய பாக்ளிடாக்சலும் கொடுத்துவருகிறார்கள். இரவில் தூக்கம் வராமல் இணையத்தில் தேடும்போது இந்த உரையாடலைக் கண்டேன்.

இரண்டு கேள்விகள் கேட்க அனுமதியுங்கள். தந்தைக்குக் கொடுக்கப்படுவது நானோ மருந்து என்று மருந்தாளுநர் சொன்னார். அது நீங்கள் பேசும் இந்தத் துணைச் செல்களின் மேல் வேலை செய்கிறதா? அடுத்து, இரத்த அழுத்த மாத்திரையான லோசார்டான் இந்த நாரை இளக்கும் என்று ஓரிடத்தில் படித்தேன். என் தாயார் அதே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார், வீட்டில் இருக்கிறது. தந்தைக்கும் கொடுக்கலாமா? தவறான கேள்வியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானோ ஆய்வாளர்

ஐயா, இதில் தவறு எதுவும் இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன்.

முதலில் மாத்திரையைப் பற்றி: மருத்துவரைக் கேட்காமல் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். வேதிச்சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வாந்தியாலும் உணவு குறைவதாலும் உடலில் நீர் வற்றியிருக்கும். அந்நிலையில் லோசார்டான் இரத்த அழுத்தத்தை அபாயமாக இறக்கலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தலாம். நீங்கள் படித்த செய்திக்கு அடிப்படை உண்மையானதுதான். ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் நார்ச்செல்களைத் தூண்டி டி.ஜி.எஃப். பீட்டாவையும் கொலாஜனையும் கூட்டுகிறது. லோசார்டான் அதைத் தடுக்கிறது. ராகேஷ் ஜெயின் என்ற பேராசிரியர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்கா சென்றவர், கட்டிக்குள் நாளங்கள் எப்படி நசுக்கப்படுகின்றன என்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். அவர் குழு 2013-இல் எலிகளில் இதைக் காட்டியது. பின்னர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், உங்கள் தந்தையைப் போலவே நாளத்தைச் சுற்றிய கட்டியுள்ள 49 பேருக்கு ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற பல மருந்துகள் சேர்ந்த வேதிச்சிகிச்சையோடும், அதைத் தொடர்ந்த கதிர்ச் சிகிச்சையோடும் லோசார்டான் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு விளிம்பில் புற்று மிஞ்சாமல் கட்டியை அகற்ற முடிந்ததாக 2019-இல் அறிவித்தார்கள். ஆனால் அதில் ஒப்பிடுவதற்கு லோசார்டான் பெறாத குழு இல்லை. பலனில் எவ்வளவு லோசார்டானால், எவ்வளவு மற்ற சிகிச்சையால் என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. இதை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

இரத்த அழுத்தம் இறங்கும் இச்சிக்கலுக்கு விடைதேடித்தான் அதே துறையினர் நானோ வழிக்கு வந்தார்கள். இவ்வகை மருந்தைப் பாலிமரோடு பிணைத்து, அமிலச் சூழலில் மட்டும் அவிழும்படி செய்து, கட்டியில் வேலை செய்து இரத்த அழுத்தத்தைத் தொடாத துகள்களை 2019-இல் எலிகளில் காட்டினார்கள். அது இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

தந்தைக்குத் தரப்படும் மருந்து உண்மையிலேயே நானோ துகள். ஏறத்தாழ 130 நானோமீட்டர் அளவுள்ளது. 861 நோயாளிகள் பங்கேற்ற சோதனையில், ஜெம்சிடபைன் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 6.7 மாதமாகவும், இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 8.5 மாதமாகவும் இருந்ததால் 2013-இல் ஒப்புதல் பெற்றது. இவை ஆயிரம் பேரை நெருங்கும் ஒரு கூட்டத்தின் நடுப்புள்ளிகள் மட்டுமே. உங்கள் தந்தையின் நாள்களை இவற்றைக் கொண்டு எண்ணாதீர்கள். துணைச் செல்கள் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். நார்ச்செல்கள் சுரக்கும் ஸ்பார்க் என்ற புரதம் ஆல்புமினைப் பிடித்து இழுப்பதால்தான் இம்மருந்து ஸ்ட்ரோமாவுக்குள் சேர்கிறது என்று தொடக்கத்தில் விளக்கினார்கள். அழகான விளக்கம், ஆனால் சோதனையில் பங்கேற்றவர்களின் திசுக்களை ஆராய்ந்தபோது ஸ்பார்க்கின் அளவுக்கும் பலனுக்கும் தொடர்பு காணப்படவில்லை. மருந்து பலன் தருகிறது, விளக்கம் நிற்கவில்லை. மாணவி இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மருந்தியல் மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, உங்கள் தந்தையின் சிகிச்சை நல்லபடியாக நடக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் கேள்வியால்தான் நான் எதற்காகப் படிக்கிறேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இன்னும் இரண்டு கேட்க விரும்புகிறேன். துணைச் செல்களைக் குறிவைத்து ஒப்புதல் பெற்ற நானோ மருந்து உலகில் ஒன்றாவது இருக்கிறதா? என் ஆய்வேட்டுக்காக ரெட்டினாயிக் அமிலம் ஏற்றிய லிப்போசோமை நட்சத்திரச் செல்களில் சோதிக்க எண்ணியுள்ளேன். எங்கள் ஆய்வகத்தில் சாதாரணச் செல் வளர்ப்பு வசதி மட்டுமே உண்டு. விலங்குச் சோதனைக்கு வாய்ப்பில்லை. பயனுள்ளதாக எதையாவது செய்ய முடியுமா?

நோய்க்கூறியல் மருத்துவர்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். இருக்கிறது, ஆனால் குறி நார்ச்செல் அல்ல, மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல். மிஃபாமுர்டைட் என்பது பாக்டீரியாவின் செல்சுவர்க் கூறு ஒன்றை ஒத்து உருவாக்கப்பட்ட மருந்து. லிப்போசோமில் பொதிந்து சிரை வழியாகச் செலுத்தப்படுகிறது. அயல் பொருளை விழுங்குவதே மேக்ரோஃபேஜின் தொழில் என்பதால், துகளுக்குத் தனியாக முகவரி எழுத வேண்டியதில்லை. அது தானாகவே வந்து விழுங்கிக் கிளர்ந்தெழுகிறது. எலும்புப் புற்றான ஆஸ்டியோசர்கோமாவுக்கு அறுவைக்குப் பிறகு வேதிச்சிகிச்சையோடு சேர்த்துக் கொடுப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் ஒப்புதல் அளித்தது. சோதனையில் ஆறாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் 70 விழுக்காட்டிலிருந்து 78 ஆக உயர்ந்தனர். அமெரிக்காவில் ஒப்புதல் கிடைக்கவில்லை. பெரும்பாலும் சிறுவர்களையும் இளைஞர்களையும் தாக்கும் நோய் என்பதால் அந்த எட்டு விழுக்காடு எனக்குச் சிறிய எண்ணாகத் தெரியவில்லை.

இதே இயல்பைக் காட்டும் மற்றொன்று ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்பு நானோ துகள். சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக 2009-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2016-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், அதைப் பெற்ற எலிகளில் கட்டிக்குத் துணைபோன மேக்ரோஃபேஜ்கள் கட்டியைத் தாக்கும் வகையாக மாறியதைக் கண்டார்கள். துகளுக்குள் புற்று மருந்து எதுவும் இல்லை. இரும்பே அந்த மாற்றத்தைச் செய்தது.

நானோ ஆய்வாளர்

ஆய்வேட்டைப் பற்றி. விலங்குச் சோதனை இல்லாதது குறையே அல்ல. எலியில் கிடைத்த வெற்றிகள் மனிதரிடம் எத்தனை முறை கைவிட்டன என்பதை மேலே பார்த்தோம். செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவது இடைநிலையாக 0.7 விழுக்காடு மட்டுமே என்று டொரண்டோவில் வாரன் சான் குழு 2016-இல் பத்தாண்டுக் கட்டுரைகளைத் தொகுத்துக் கணக்கிட்டது. அதுவும் விலங்குகளில் கிடைத்த எண்தான். உங்கள் ஆய்வேட்டில் கட்டியை அழித்தேன் என்று எழுத வேண்டியதில்லை. செல் அமைதியடைந்ததா என்ற ஒரு கேள்விக்கு நேர்மையான விடை கண்டால் போதும்.

அதற்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. நட்சத்திரச் செல்களைச் சாதாரணப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், தட்டின் கடினத்தன்மையே அவற்றைச் சில நாள்களில் கிளர்ந்த நிலைக்குத் தள்ளிவிடும். பலர் இதைக் கவனிக்காமல், தட்டோடு போராடிய மருந்தைப் புற்றோடு போராடியதாக எழுதிவிடுகிறார்கள். எனவே மென்மையான ஜெல் பரப்பிலும் பிளாஸ்டிக்கிலும் இணையாக வளர்த்து ஒப்பிடுங்கள். பாலி அக்ரிலமைடு ஜெல்லை உங்கள் ஆய்வகத்திலேயே செய்யலாம், செலவு குறைவு. மருந்து ஏற்றாத வெற்று லிப்போசோமையும், லிப்போசோம் இல்லாத ரெட்டினாயிக் அமிலத்தையும் தனித்தனியே வைத்துச் சோதிக்கத் தவறாதீர்கள். அந்த அமிலம் ஒளியில் சிதையக்கூடியது. மங்கலான மஞ்சள் ஒளியில் வேலை செய்து, குப்பிகளை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

எதை அளப்பது என்றால், ஆல்ஃபா தசை ஆக்டின் குறைகிறதா என்பதோடு, கொழுப்புத் துளிகள் திரும்புகின்றனவா என்று ஆயில் ரெட் ஓ சாயமிட்டுப் பாருங்கள். ஆனால் லிப்போசோமே கொழுப்பு என்பதால் அதுவும் துளியாகச் சாயமேறலாம். வெற்று லிப்போசோம் பெற்ற செல்கள் இந்த இடத்தில்தான் உங்களைக் காப்பாற்றும். பிறகு மருந்தை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்து அதே செல்களை மறுபடி பாருங்கள். அமைதி நிலைத்ததா, மருந்து போனதும் செல் பழையபடி கிளர்ந்ததா என்று சொல்லும் தரவு நான் படித்த கட்டுரைகள் பலவற்றில் இல்லை. நீங்கள் அதைச் செய்து முடித்தால், முடிவு எப்படி வந்தாலும் இங்கே எழுதுங்கள், படிக்கக் காத்திருப்பேன்.